உச்சவரம்பு வேறு, அரசு முடக்கம் வேறு

கடன் உச்சவரம்பை, அதாவது அரசு மொத்தம் எவ்வளவு கடன் வைத்திருக்கலாம் என்ற எல்லையை, உயர்த்தினால் அமெரிக்க அரசு இஷ்டத்துக்குச் செலவு செய்யும் என்கிறது ஒரு கட்டுரை. அது சரியில்லை. செலவுக்கு காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) முன்பே ஒப்புதல் தந்துவிடுகிறது. உச்சவரம்பு அந்த பில்லுக்குப் பணம் புரட்டும் அனுமதி மட்டுமே. அக்டோபர் 1-க்குள் நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் அலுவலகங்கள் மூடுவதுதான் அரசு முடக்கம்; அது தனிக் கதை.

2023-ஐப் பாருங்கள். ஜனவரி 19-ல் 31.4 லட்சம் கோடி டாலர் வரம்பு முட்டியது. உடனே கஜானா காலியாகாது. அரசு ஊழியர் ஓய்வூதிய நிதிகள் அரசுப் பத்திரங்களில் போடும் புது முதலீட்டை (அதுவும் கடன் கணக்கில் வரும்) நிறுத்தி, அந்த இடத்தில் வெளியே கடன் வாங்குவார்கள் (பிறகு வட்டியோடு ஈடுகட்டியாக வேண்டும், சட்டம் அப்படி). ஏப்ரலில் வருமான வரி வரும். அடுத்த பெரிய வரவு ஜூன் 15, நிறுவனங்களின் காலாண்டு வரி. அதுவரை தாக்குப்பிடிப்பதுதான் பாடு. மே 25 அன்று கையிருப்பு 4,000 கோடி டாலருக்கும் கீழே! ஜூன் 5-ல் பணம் தீரும், அதுவே கெடு என்றார் அப்போதைய நிதியமைச்சர் ஜேனட் யெல்லன். வரம்புச் சிக்கலைத் தீர்க்கும் சட்டத்தில் அப்போதைய அதிபர் பைடன் கையெழுத்திட்டது ஜூன் 3.

கடைசி நேரத்தில் தீர்ந்தாலும் சேதம் உண்டு. 2011-ல் ஆகஸ்ட் 2 அன்று உடன்பாடு சட்டமானது; மூன்றே நாளில் கடன் தர மதிப்பீட்டு நிறுவனமான எஸ் அண்ட் பி, அமெரிக்காவின் கடன் தரத்தை ஒரு படி இறக்கியது.