உசாகி டிராப்: பதினொன்றோடு நிறுத்தலாம்

உசாகி டிராப் என்ற ஜப்பானிய அனிமே (அனிமேஷன் தொடர்) பற்றி, 'நான்கு மணி நேரத்தில் முடித்துவிடலாம், பிறகு மங்கா (அதன் மூலப் படக்கதை) படியுங்கள்' என்று ஒரு கட்டுரையில் இருக்கிறது. இரண்டுமே சரிப்படாது. 2011-இல் வந்த இந்தத் தொடர் 11 அத்தியாயம்தான், ஆனால் நாளுக்கு ஒன்று என்று பாருங்கள். கதையில் பருவங்கள் மாறுவதும், சிறுமி ரின் பள்ளி சேர்ந்து பல் ஆடத் தொடங்குவதும் அப்போதுதான் மனதில் நிற்கும். தொடக்கப் பாடலுக்கு முன் வரும் நீர்வண்ணக் காட்சியைத் தள்ளிவிட வேண்டாம்.

சப்டைட்டிலில் 'ஆன்ட்' என்று வருவதால் உறவு பலருக்குக் குழம்புகிறது. தாத்தா இறந்தபின் ரினை வளர்ப்பவன் தைகிச்சி; ரின் அந்தத் தாத்தாவின் மகள். அதாவது முப்பது வயது தைகிச்சிக்கு ஆறு வயதுச் சித்தி! நமக்கு ஒரே சொல்லில் புரிந்துவிடும்.

மூன்றாவது அத்தியாயத்துக்குள் 'ஒன்றுமே நடக்கலையே' என்று விட்டுவிடுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. ரின் படுக்கையை நனைப்பதற்குக் காரணம் உடம்பில் இல்லை, தாத்தா போனதுபோல் தைகிச்சியும் போய்விடுவானோ என்ற பயத்தில். அதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை, தைகிச்சியே மெதுவாகக் கண்டுபிடிக்கிறான். ஓவர்டைம் வேண்டாம் என்று அவன் விற்பனைப் பிரிவை விட்டு சரக்கு அனுப்பும் பிரிவுக்கு மாறும் இடமும் அப்படித்தான். பின்னணி இசையைக் கூட்டி அழவைக்காமல் கடந்துபோகும்.

மங்கா? அனிமே முதல் நான்கு தொகுதிகளோடு நிற்கிறது. ஐந்தாவதில் கதை பத்து வருடம் தாவிவிடும், முடிவும் பலருக்குக் கசந்தது. எனக்கும்தான். தொடர் பிடித்தவர்கள் டிஸ்க்கில் கூடுதலாக உள்ள நான்கு குறும் அத்தியாயங்களைத் தேடிப் பாருங்கள்.