சிலபஸ்ல எருக்கம்பூ எந்த ஃபேமிலி?

சிலபஸ முடிவு பண்ற போர்டு ஆஃப் ஸ்டடீஸ் மீட்டிங் நேத்துதான் முடிஞ்சுது. மனசுல இருக்கறது ஆறிப்போறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்துட்டேன். நீளமாத்தான் போகும், காலேஜ்ல பாடம் எடுக்கறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க.

நான் தாவரவியல் டிபார்ட்மெண்ட். தன்னாட்சிக் கல்லூரிங்கறதால சிலபஸ நாங்களேதான் எழுதணும். டிபார்ட்மெண்ட் ஆளுங்களோட வெளி எக்ஸ்பர்ட் ரெண்டு பேரு, துணைவேந்தர் நாமினி ஒருத்தர், இண்டஸ்ட்ரி ஆள் ஒருத்தர், பழைய ஸ்டூடண்ட் ஒருத்தர் இவங்கல்லாம் உக்காந்து பாத்து, அப்புறம் அகாடமிக் கவுன்சில் ஓகே பண்ணணும். பேப்பருக்கு 5 யூனிட், 5 கோர்ஸ் அவுட்கம், அதாவது படிச்சு முடிச்சா பிள்ளைங்களுக்கு என்ன செய்ய வரும்ங்கறது. ஒவ்வொரு அவுட்கமும் கே1ல இருந்து கே6 வரைக்கும் எந்த லெவல்னு போடணும், அதாவது ஞாபகம் வச்சுக்கறதுல ஆரம்பிச்சு, கே4ல பகுத்துப் பாக்கறது, கே6ல புதுசா உருவாக்கறதுன்னு போற வரிசை. ப்ளூம் 1956ல கொண்டு வந்தது, 2001ல ஆண்டர்சனும் கிராத்வோலும் திருத்தினது. 'புரிந்துகொள்வர்', 'அறிவர்'னு எழுதினா திரும்பி வந்துடும், அளந்து பாக்கற மாதிரி வினைச்சொல் வேணும். அதுக்கப்புறம் சிஓ-பிஓ மேப்பிங் டேபிள், அதாவது பேப்பரோட அவுட்கம் ஒவ்வொண்ணும் மொத்தப் படிப்போட அவுட்கமுக்கு எவ்வளவு உதவுதுன்னு மார்க் போடற அட்டவணை. அப்புறம் காலேஜுக்குத் தரம் போடற நாக் ஃபைலுக்காக எம்ப்ளாயபிலிட்டிக்கு ஒரு கலர், ஆந்த்ரப்ரனர்ஷிப்புக்கு ஒரு கலர், ஸ்கில் டெவலப்மெண்ட்டுக்கு ஒரு கலர்னு சிலபஸ் முழுக்க ஹைலைட் பண்ணணும்.

இதையெல்லாம் வேண்டாம்னு சொல்ற ஆள் நான் இல்ல. நான் படிக்கறப்ப சிலபஸ்ங்கறது ஒரு பத்தி. பெந்தம்-ஹூக்கர் வகைப்பாடு, அதோட நிறைகுறை, கீழ பத்துப் பன்னெண்டு ஃபேமிலி பேரு, அவ்வளவுதான். இதைப் படிச்சா உனக்கு என்ன செய்ய வரும்னு எங்கள யாரும் கேட்டதில்ல. அந்தக் கேள்விய ஃபார்மேட் இப்ப கேக்குது, உண்மையிலேயே நல்ல கேள்வி. என்ஜினியரிங் பக்கம் 2014ல இந்தியா வாஷிங்டன் அக்கார்டுல, அதாவது என்ஜினியரிங் படிப்ப நாடுகள் ஒருத்தருக்கொருத்தர் ஏத்துக்கற ஒப்பந்தத்துல, சேந்ததுல இருந்து பேச்செல்லாம் அவுட்கம்தான், இப்ப எங்க ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்லயும் அதேதான்.

என் வருத்தம் என்னன்னா, அந்தக் கேள்விக்கு நாம பதிலே எழுதறதில்ல. பழைய சிலபஸ எடுத்து 'அறிவர்'ங்கற இடத்துல 'பகுப்பாய்வர்'னு மாத்தி கே4னு போட்டுடறோம். உள்ள யூனிட் அப்படியே இருக்கு, கேள்வித்தாளும் அப்படியே இருக்கு. மேப்பிங் டேபிள் பக்கத்து பேப்பர்ல இருந்து காப்பி ஆகி வருது. போன தடவை எங்க டாக்ஸானமி (செடி வகைப்பாடு) பேப்பர்ல கம்யூனிகேஷன் ஸ்கில்லுக்கு 3, அதாவது ஸ்ட்ராங்னு போட்டிருந்துச்சு, அந்தப் பேப்பர்ல ஒரு செமினார்கூட கிடையாது.

எருக்கு விஷயத்துக்கு வர்றேன். எங்க சிலபஸ்ல அஸ்கிளெபியடேசினு ஒரு ஃபேமிலி, உதாரணச் செடி எருக்கு. 1998ல ஏபிஜி, அதாவது டிஎன்ஏ ஆதாரத்த வச்சுப் பூச்செடிகள வகைப்படுத்தற குழு, முதல் வகைப்பாடு கொண்டு வந்தப்பவே அந்த ஃபேமிலிய அரளியோட அப்போசைனேசிக்குள்ள சேத்துட்டாங்க. நாங்க மூணு தடவ ரிவிஷன் பண்ணிட்டோம், வினைச்சொல்லெல்லாம் சரியா இருக்கு, கலர் சரியா இருக்கு, கிரெடிட் கணக்கு சரியா இருக்கு, எருக்கு மட்டும் பழைய வீட்லயே உக்காந்திருக்கு. நேத்து அதைக் கேட்டது எங்க பழைய ஸ்டூடண்ட், இப்ப ஒரு நர்சரி நடத்தறான். "மேடம், பசங்க ஃபோன்ல தேடினா அப்போசைனேசின்னுதானே வருது, பரீட்சையில எதை எழுதுவாங்க?"ன்னான். எங்ககிட்ட உடனே பதில் இல்ல. ஸ்க்ரூட்டினி கமிட்டி செக்லிஸ்ட்ல இதைப் பிடிக்க ஒரு கட்டம்கூட இல்லைங்கறது அப்பதான் எனக்கு உறைச்சுது.

அதுக்கப்புறம் நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. முன்னபின்ன பாக்காத ஒரு பூச்செடிய கையில குடுத்தா, கீ, அதாவது 'இதுவா அதுவா'ன்னு கேட்டுக் கேட்டுச் செடிய அடையாளம் காட்டற பட்டியல், அதை வச்சு ஃபேமிலி வரைக்கும் பிள்ளைங்களால போக முடியணும், இதை ஒரு அவுட்கமா எழுதலாமான்னு. எழுதலாம்னாங்க. அப்படின்னா பிராக்டிகல் தேர்வையும் மாத்தணுமேன்னேன். ஏன்னா இப்ப வருஷா வருஷம் வைக்கிறது அதே செம்பருத்தி, ஊமத்தை, துளசி, கனகாம்பரம்தான், செடியப் பாக்காமலே பதில் எழுதிடுவாங்க. கீ சொல்லிக்குடுக்க இருந்தது 75 மணி நேரத்துல வெறும் 2 மணி நேரம். அதை 12 ஆக்கணும்னா வேற எதையாவது குறைக்கணும், பழைய வகைப்பாடுகளோட வரலாறக் குறைக்கலாம்னு சொன்னேன். எங்க சீனியர் சார் ஒத்துக்கல, "டிஆர்பி எழுதற பிள்ளைங்களுக்கு அது வேணும்மா"ன்னாரு, அதாவது ஆசிரியர் வேலைக்கான தேர்வு. அவர் சொன்னதும் நியாயம்தான், அதுக்கு 4 மணி நேரம் விட்டு வச்சோம். ஒரு மணி நேரம் சத்தம் போட்டுப் பேசினோம், எனக்குத் தெரிஞ்சு பல வருஷத்துக்கப்புறம் ஒரு போர்டு மீட்டிங்ல பாடத்தைப் பத்திப் பேச்சு நடந்தது நேத்துதான்.

புத்தகப் பட்டியல்லயும் ஒரு இழுபறி. பத்து வருஷத்துக்குள்ள வந்த புத்தகம்தான் போடணும்னு செக்லிஸ்ட்ல இருக்கு. கேம்பிளோட மெட்ராஸ் ஃப்ளோரா 1915ல ஆரம்பிச்சு 1936ல முடிஞ்சது, மேத்யூவோட கர்நாடிக் ஃப்ளோரா எண்பதுகள்ல வந்தது. நம்ம ஊர் வேலியோரத்துச் செடிய அடையாளம் பாக்க இன்னைக்கும் அதைத்தானே புரட்டறோம்? பேரு மாறியிருக்கும், ஆவாரை அதுல கேசியா, இப்ப சென்னா, அதை டீச்சர் சொல்லிக்கலாம். ரெண்டையும் எடுக்க விடல. அதேசமயம் பட்டியல்ல இருந்த எட்டு புது புத்தகத்துல நம்ம லைப்ரரில எத்தனை இருக்குன்னு மீட்டிங்குக்கு முந்தின நாளே போய்ப் பாத்தேன், மூணுதான் இருந்துச்சு. இனிமே பட்டியல்ல ஒவ்வொரு புத்தகத்துக்குப் பக்கத்துலயும் லைப்ரரி நம்பர் போடலாம்னு கேட்டிருக்கேன், பாப்போம்.

வேற டிபார்ட்மெண்ட்ல இருக்கற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மீட்டிங்குக்குப் போறப்ப ஃபார்மேட் ஷீட்டோட போன வருஷ கேள்வித்தாளையும் எடுத்துட்டுப் போங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. கே4னு போட்ட யூனிட்ல 'குறிப்பு வரைக'ன்னு கேள்வி இருந்தா அங்கயே பென்சில்ல வட்டம் போடுங்க. எங்க பேப்பர்ல ஏழு வட்டம் விழுந்துச்சு.

ஜூன்ல வர்ற பேட்ச்ல பாதிக்கு மேல தமிழ் மீடியம் பிள்ளைங்கதான் இருப்பாங்க. அஞ்சு அவுட்கமையும் தமிழ்ல எழுதி முதல் நாளே கையில குடுக்கப் போறேன். மூணுதான் எழுதி முடிச்சிருக்கேன், மீதி ரெண்டும் இன்னைக்கு ராத்திரி.