அந்த நம்பர் இல்லையாம்

மகளின்ர ரியூசன் காசு 4,500 ரூபா. திருநெல்வேலிச் சந்தையில கத்தரிக்காய் நிறுக்கிற நேரத்துக்குள்ள போனிலயே அனுப்பிப்போட்டன். சி.ஈ.எஃப்.டி.எஸ். எண்டு, ஒரு வங்கியில இருந்து இன்னொரு வங்கிக்குக் காசு அனுப்புற முறை; அது வழியாப் போற காசு, உடனயே போய்ச் சேர்ந்திடும். பின்னேரம் ரியூசன் சென்ரரில இருந்து கோல்.

"அக்கா, ரெபரன்ஸ் நம்பர் சொல்லுங்கோ."

கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு இலக்கமாச் சொன்னன்.

"அதில்லை அக்கா, எங்களுக்கு வேற நம்பரெல்லோ காட்டுது."

என்ர வங்கி ஒரு நம்பர் குடுக்குது, அவையின்ர வங்கி இன்னொண்டு. குறிப்பு எழுதுற இடத்தில பிள்ளையின்ர அனுமதி இலக்கத்தைப் போடச் சொல்லி முதலே சொல்லியிருக்கலாமே! நான் "பீஸ்" எண்டு போட்டனான். மற்றத் தாய்மாரும் "பீஸ்" எண்டுதான் போட்டவையாம். எல்லாருக்கும் அதே 4,500.

இப்ப ஸ்கிரீன்ஷொட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேர வரட்டாம். சைக்கிளுக்குக் காத்தும் இல்லை.