கோப்பை கையில், இடம் ஏழு

2022 விம்பிள்டன் இறுதியில் கிர்கியோஸை வீழ்த்திக் கோப்பையை வாங்கினார் ஜோகோவிச். மறுநாள் தரவரிசை வந்தது. மூன்றாம் இடத்தில் இருந்தவர் ஏழாம் இடத்தில்! ரஷ்ய, பெலாரஸ் வீரர்களை விம்பிள்டன் தடுத்ததால், அந்தப் போட்டிக்குப் புள்ளியே கிடையாது என்று ஆண்கள் டென்னிஸ் அமைப்பான ஏ.டி.பி. சொல்லிவிட்டது. சரி, கொடுக்க வேண்டாம். ஆனால் முந்தைய ஆண்டு அவர் வென்ற 2000 புள்ளிகளை மட்டும் மறக்காமல் கழித்தார்கள். உள்ளேயே விடப்படாத ரஷ்யர் மெத்வெதேவ் அப்போது முதலிடத்தில் உட்கார்ந்திருந்தார். இதற்குப் பெயர் தரவரிசையாம்.

அது ஒரு விதிவிலக்கு என்று யாராவது வருவீர்கள். விதி மட்டும் என்ன வாழ்கிறது? 52 வாரம் முடிந்தால் புள்ளி காலாவதி, மொபைல் ரீசார்ஜ் மாதிரி. போன வருடம் வென்றவர் இந்த வருடமும் வென்றால் கூடுவது பூஜ்யம். அரையிறுதியில் தோற்றால் சரிவு. வர்ணனையாளர்கள் வேறு, ஆட்டத்தைப் பார்க்க விடாமல் “இவர் இத்தனை புள்ளிகளை டிஃபென்ட் செய்ய வேண்டும்” என்று கணக்குப் பிள்ளை வேலை பார்க்கிறார்கள். “ஜெயிச்சவன் ஏன்டா கீழ போறான்?” என்று அப்பா கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?

எனக்கு ஜப்பானிய மல்யுத்தமான சுமோவின் பட்டியல்தான் பிடித்திருக்கிறது. ஆண்டுக்கு ஆறு போட்டிகள், ஒவ்வொன்றும் 15 நாள். மேல் பிரிவில் இருப்பவருக்கு தினம் ஒரு மல்லுக்கட்டு. எட்டு வென்றால் பொதுவாக ஏற்றம், எட்டு தோற்றால் இறக்கம். குழந்தைக்கும் புரியும். அப்புறம் அந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டுமே! நடுவர் ஒருவர் தூரிகையால் கையாலேயே எழுதுவார். மேலே உள்ளவர்களின் பெயர் தடித்த பெரிய எழுத்தில், ஊர்ப் பெயரோடு. கீழே போகப் போக எழுத்து மெலிந்து, கடைசி வரிசைக்குப் பூதக்கண்ணாடி வேண்டும். யார் எங்கே நிற்கிறார் என்று கண்ணுக்கே தெரியும்.

உச்சியில் யோகோசுனா. அதற்கு ஒரு படி கீழே உள்ள ஓசெகியாக இருந்துகொண்டு அடுத்தடுத்து இரண்டு போட்டிகளை வெல்ல வேண்டும், அல்லது அதற்கு ஈடாக ஆடிக் காட்ட வேண்டும். ஏறிவிட்டால் இறக்கமே கிடையாது. ஆட முடியவில்லையா, ஓய்வு பெற வேண்டியதுதான். ஓசெகிக்கோ, தொடர்ந்து இரண்டு போட்டிகளில் தோல்வி மிஞ்சினால் பட்டம் போய்விடும்.

இதை டென்னிஸில் வைத்துப் பாருங்கள். 2016இல் மர்ரே பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் தோற்றார், அடுத்து விம்பிள்டனை வென்றார். சுமோ வீரர் கிசெனொசாத்தோவும் ஒரு போட்டியில் இரண்டாமிடம், அடுத்ததில் வெற்றி என்றுதான் 2017இல் யோகோசுனா ஆனார். அதன்பின் காயம். தொடர்ந்து எட்டுப் போட்டிகளில் முழுதாகவோ பாதியிலோ விலகினார், இடம் அசையவில்லை. 2019 ஜனவரியில் முதல் மூன்று நாளும் தோற்றதும் விடைபெற்றார். மர்ரேயும் இடுப்புக் காயத்தோடு கிடந்தார். கணினி அவருக்கு 2018இல் கொடுத்த இடம் 839! மூன்று கிராண்ட்ஸ்லாம் வென்றவருக்கு.

சுமோ கருணைக் கடல் என்றும் சொல்லவில்லை. முழங்கால் போன தெருனோஃபுஜி ஓசெகியிலிருந்து ஐந்தாம் பிரிவு வரை விழுந்து, மறுபடி ஏறி, 2021இல் யோகோசுனா ஆனார். கொடுமைதான். ஆனால் அவர் ஏறிய ஒவ்வொரு படியிலும் எதிரே ஒரு ஆள் நின்றான். காலண்டரில் தேதி கிழிந்ததால் எந்தப் படியும் வரவில்லை.

1973இல் டென்னிஸின் இந்தக் கணினிப் பட்டியல் வந்ததற்கு நல்ல காரணம் இருந்தது. போட்டி நடத்துபவர்கள் தங்களுக்கு வேண்டியவர்களைச் சேர்த்துக்கொள்வதை நிறுத்த வேண்டியிருந்தது. யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்க இன்றைக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை. ஆனால் வாசலில் நிற்கும் வரிசையையே உலகின் தலைசிறந்தவர் பட்டமாக விற்கிறீர்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

அதில் மாட்டிக்கொண்டது தினாரா சஃபினா. 2009 விம்பிள்டன் முடிந்தபோது நான்கில் மூன்று கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் செரீனாவிடம். முதலிடம் மட்டும் சஃபினாவிடம். ஒரு கிராண்ட்ஸ்லாம்கூட வெல்லாமல் எப்படி நம்பர் ஒன் என்று அந்தப் பெண்ணைக் குடைந்தெடுத்தார்கள். அவர் என்ன, புள்ளியைத் திருடினாரா? மூன்று கிராண்ட்ஸ்லாம் இறுதிகள் ஆடியவர். சுமோ கணக்கில் அருமையான ஓசெகி. செரீனா யோகோசுனா. அப்படி எழுதியிருந்தால் ஒரு நிருபருக்கும் கேள்வி இருந்திருக்காது.