ஐயனாருக்குத் திரை, எனக்குக் கேலியா?

அந்த வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குடும்பக் குழுவுக்குள் சுற்றுகிற வரைக்கும் நானும் கண்டுகொள்ளவில்லை. நேற்று யார் யாருடைய ஸ்டேட்டஸிலோ வந்துவிட்டது. என்னோடு வேலை பார்க்கிறவர்களே போனை நீட்டி, "இது நீங்கதானே?" என்கிறார்கள். ஆமாம், நான்தான். காதுகுத்துப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது நான்தான். "மாமி வந்துட்டாங்க, தயிர்சாதம் எடுத்தாங்கப்பா!" என்று கத்துகிற குரல் யாருடையது என்று சொல்ல மாட்டேன். கேட்டவர்களுக்குத் தெரியும். பின்னால் சிரிக்கிற குரல்களும் தெரிந்த குரல்கள்தான்.

நானும் சிரிப்பதுபோல அதில் தெரிகிறது. அந்தச் சிரிப்பை நம்ப வேண்டாம். பிள்ளைக்குக் காது குத்துகிற இடத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று இருந்தேன், அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் கறி, மீன், முட்டை சாப்பிடுவதை நிறுத்தியிருக்கிறேன். சாதியை மாற்றிக்கொள்ளவில்லை. சாமியாராகப் போகவில்லை. உங்களில் யாரையும்விட ஒரு படி உசந்துவிட்டதாக நினைக்கவும் இல்லை. என் இலையில் ஒரு பதார்த்தம் குறைந்திருக்கிறது. இதில் மாமி எங்கே வந்தாள்?

எந்தக் கோயிலில் வைத்து இந்தக் கேலி நடந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நடுவில் ஐயனார், பூரணை புஷ்கலையோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் சர்க்கரைப் பொங்கல், தேங்காய், வாழைப்பழம். வெளியே முனீஸ்வரன். அவருக்குத்தான் கிடா. வெட்டுகிற நேரம் வந்ததும் பூசாரி ஓடிப் போய் ஐயனாருக்குத் திரை போடுகிறார். ஐயனார் ரத்தம் பார்க்க மாட்டார் என்று நம் அப்பாயிகள் சொல்லித்தானே வளர்ந்தோம்? அந்த ஐயனாரைப் பார்த்து "என்ன சாமி, ஐயராயிட்டியா?" என்று நம் குடும்பத்தில் எவராவது கேட்டதுண்டா? ஒரே கோயிலில் ஒரு சாமி கறி தின்னும், ஒரு சாமி தின்னாது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் கும்பிடு போடுகிறோம். எனக்கென்று வந்தால் மட்டும் வீடியோ எடுக்கிறீர்கள்.

கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு முகூர்த்தப் பந்தியில் என்றைக்காவது ஆட்டுக்கறி போட்டிருக்கிறோமா? சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், பாயசம். கறி விருந்தெல்லாம் மறுவீட்டுக்குத்தான். அன்றைக்கு மண்டபத்தில் இருக்கிற மொத்தப் பேரும் மாமி ஆகிவிடுகிறார்களா?

கார்த்திகை மாதம் வந்தால் மாலை போடுகிற அண்ணன்மார்களை எடுத்துக்கொள்வோம். மண்டலம் முழுக்க வீட்டில் கறி கிடையாது, மீன் கிடையாது. பாத்திரத்தையெல்லாம் புளி போட்டு விளக்கி, விடியற்காலையில் எழுந்து குளித்து, அவர்களுக்குச் சமைத்துப் போடுவது அத்தாச்சிகள். அண்ணன்களை ஊரே "சாமி, சாமி" என்கிறது. எதிரில் வந்தால் ஒதுங்கி வழிவிடுகிறது. அவர்கள் சாமிக்காக விட்டால் அது பக்தி. ஒரு பொம்பளை, சாமி சொல்லாமல், டாக்டர் சொல்லாமல், வீட்டுக்காரர் சொல்லாமல், தானாக "எனக்கு வேண்டாம்" என்றால் அதற்குப் பெயர் திமிர். இதைத்தானே நீங்கள் சொல்ல வருகிறீர்கள்? நேராகவே சொல்லிவிட்டுப் போங்கள். அதற்கு எதற்கு மாமி?

ஏன் விட்டாய், ஏன் விட்டாய் என்று கேட்டுக் கேட்டு அலுக்காதவர்களுக்காக ஒருதரம் சொல்லிவிடுகிறேன். விரால்தான் காரணம். கேட்டால் சிரிப்பீர்கள். மேட்டூரைத் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் விராலுக்குப் பஞ்சமிருக்காது. விரால் காற்றை மூச்சாக இழுக்கிற மீன், தண்ணீரை விட்டு எடுத்தாலும் சீக்கிரம் சாகாது. அதனால்தான் சந்தையில் உயிரோடேயே விற்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் தலையில் ஒரு போடு போட்டு, அடுப்புச் சாம்பலைப் பிசறி, சொரசொரப்பான கல்லில் உரச வேண்டும். வழவழப்பும் செதிலும் போய் வெள்ளையாக வரும்வரை உரச வேண்டும். பாவாடை கட்டின வயதிலிருந்து இதைச் செய்தவள் நான். எங்கள் தெருவில் என்னளவு சுத்தமாக விரால் உரச ஆள் கிடையாது, இதைப் பெருமையாகவே சொல்கிறேன். ஒரு நாள் பாதி உரசிக்கொண்டிருக்கும்போது அது வாயைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தது. கை நின்றுவிட்டது. அன்றைக்குக் குழம்பு வைத்தேன், எல்லோருக்கும் பரிமாறினேன், நான் மட்டும் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகும் சாப்பிடத் தோன்றவில்லை. புத்தகம் படித்து மனம் மாறவில்லை, யாருடைய பிரசங்கத்துக்கும் போகவில்லை. இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமென்றால் என்னிடம் இல்லை.

ஆனால் வீட்டில் இன்றைக்கும் கறியும் மீனும் நான்தான் சமைக்கிறேன். இதைச் சொன்னால் சைவக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள், அசைவக்காரர்கள் "அப்ப என்ன பெரிய கொள்கை?" என்கிறார்கள். என் வீட்டுக்காரர் சாப்பிடுகிறார், பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், மாமியாருக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. அவர்கள் இலையில் கை வைக்க நான் யார்? ஒரே ஒரு சங்கடம், உப்பு. இத்தனை வருடமும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துப் பழகிய ஆள். இப்போது மணத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டு, சின்னவனைக் கூப்பிட்டு வாயில் ஊற்றிப் பார்க்கிறேன். அவனுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும்.

பழகுவது சுலபமா என்று சில பேர் உண்மையாகவே கேட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பதில்: சுலபமில்லை. ஆட்டுக்கறியை மறப்பது பெரிய காரியமே இல்லை. கருவாடுதான் ஆளைக் கொல்லும். பக்கத்து வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுத்தால் இன்றைக்கும் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். ஆரம்பத்தில் வெறும் சோறும் உருளைக்கிழங்கும் தின்று பதினோரு மணிக்கெல்லாம் தலை சுற்றியது. பிறகுதான் புரிந்தது, நாக்கு தேடுவது பாதிக்கு மேல் மீனை அல்ல, அந்தப் புளியை, சின்ன வெங்காயத்தை, நல்லெண்ணெய் மிதக்கிற மண்சட்டியை. அதே மசாலாவில் திருவையாற்றுப் பக்கத்து வாழைக்காயைப் போட்டேன். கத்தரிக்காயும் மொச்சையும் போட்டேன். வாழைப்பூவைக் கள்ளன் எடுத்து ஆய்ந்து மோர்த்தண்ணீரில் போட்டு வைக்கப் பொறுமை வேண்டும், ஆனால் வடை தட்டினால் கறி தின்கிறவர்கள்தான் முதலில் தட்டை நீட்டுகிறார்கள். இட்லிக்கு நம் கும்பகோணம் கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சேர்ந்தால் காலை நேரத்துக்கு அதுவே போதும்.

அடுத்து புரோட்டீன் வாத்தியார்கள். இவர்களுக்கும் ஒரு பந்தி போட வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு, உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். உளுந்திலும் பச்சைப்பயறிலும் 100 கிராமுக்கு 24 கிராம் அளவுக்கு இருக்கிறது, மிச்சத்துக்குச் சோறும் தயிரும் கடலையும் இருக்கின்றன. அந்த உளுந்து எங்கே விளைகிறது? நம் வயலில். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் நெல்லுக்குள்ளேயே தெளித்துவிட்டு, மிச்ச ஈரத்திலும் பனியிலும் விளைய வைத்து எடுக்கிறோமே, அதே உளுந்துதான். மூட்டை மூட்டையாக விற்றுவிட்டு, புரோட்டீனுக்கு எங்கே போவது என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

பி12 விஷயம் வேறு. அது செடிகொடியில் கிடையாது. பால், தயிரில் கொஞ்சம் உண்டு. டாக்டர் ரத்தம் பார்த்து மாத்திரை எழுதினார், போட்டுக்கொள்கிறேன். இரும்புச்சத்துக்குக் கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொள்ளச் சொன்னார். சாப்பிட்ட கையோடு காபி குடிக்கக் கூடாது என்றார். டிகிரி காபி ஊரில் இருந்துகொண்டு இது பெரிய தண்டனை, ஆனாலும் கேட்டுக்கொண்டேன். "பாத்தியா, மாத்திரை போட்டுத்தான் உசிரு வாழணும்னா அது என்ன சாப்பாடு?" என்று கேட்டவர் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் கை நிறைய மாத்திரையை வைத்துக்கொண்டு கேட்டார். பெரியவர். நான் ஒன்றும் சொல்லவில்லை.

செடிக்கும் உயிர் இருக்கிறதே என்கிறவர்களுக்கு: இருக்கிறது. வேறு?

இப்போது இன்னொரு பக்கம். என்னைப் பாராட்டியவர்கள். கேலி செய்தவர்களைவிட இவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் என்று சில நாள் தோன்றும். "இப்பத்தான் நீங்க சுத்தமா இருக்கீங்க, முகத்துலயே ஒரு தேஜஸ் வந்துருக்கு" என்றார் ஒரு அம்மா. அப்படியானால் இத்தனை வருடம் அசுத்தமாக இருந்தேனா? என் அம்மா அசுத்தமா? கும்பகோணத்தில் வாடகைக்கு வீடு தேடிய காலத்தில், என்ன ஆளுங்க என்று நேராகக் கேட்க வெட்கப்பட்டு, "சமையல் எப்படி?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தியவர்களை நான் மறக்கவில்லை. இப்போது போனால் எனக்குச் சாவி கொடுப்பார்களாம். வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள். திருவாரூர்ப் பக்கம் திருச்செங்காட்டங்குடி போய்ப் பாருங்கள், சிறுத்தொண்டரிடம் சிவன் அடியார் வேடத்தில் வந்து கேட்டது பிள்ளைக்கறி. கண்ணப்பர் படைத்தது பன்றிக்கறி. உங்கள் சாமிக்கு இல்லாத தீட்டு உங்கள் வீட்டு அடுப்புக்கு எங்கிருந்து வந்தது? வடலூரில் 1867இல் தருமச்சாலை வைத்த வள்ளலாரும் கறி வேண்டாம் என்றவர்தான். ஆனால் பசித்து வந்தவன் கறி தின்கிறவனா என்று கேட்டுச் சோறு போடச் சொல்லவில்லை. சாதியும் வேண்டாம் என்றார். நீங்கள் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள்.

இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் சத்துணவில் முட்டை போடக் கூடாது என்று யாராவது எங்காவது பேசும்போது என்னை உதாரணம் காட்டினால் சும்மா இருக்க மாட்டேன். வளர்கிற பிள்ளைக்கு அந்த முட்டை தேவை. வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள், அது போதும். 2014இல் மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்ட தமிழ்நாட்டுக்காரர்களில் 97 சதவீதத்துக்கும் மேல் அசைவம். அந்த 97 பேருடைய பிள்ளைகள் தட்டில் கை வைக்க மிச்சம் மூன்று பேருக்கு உரிமை கிடையாது. அந்த மூன்றில் நான் ஒருத்தி, நான் சொல்கிறேன்.

விவசாயம் பார்க்கிற தம்பி ஒருத்தன் கேட்ட கேள்விதான் கொஞ்சம் குத்தியது. "நீ திங்கிற சோத்துக்கு எத்தனை நண்டு, நத்தை மருந்துல சாவுதுன்னு தெரியுமா அக்கா? கிட்டி வெச்சு எத்தனை எலி புடிக்கிறோம்?" தெரியும்டா. மூங்கில் கிட்டி நம் வரப்பிலும்தான் இருக்கிறது. என் சோறு ரத்தம் படாத சோறு என்று நான் சொல்லவே இல்லை. என் கையால் முடிந்த ஒன்றை நிறுத்தினேன். எல்லாவற்றையும் நிறுத்த முடியாதவள் ஒன்றையும் நிறுத்தக் கூடாது என்று சட்டமா?

எலி என்றதும் ஞாபகம் வருகிறது. என்னை மாமி என்று கத்திய அதே வாய், நடவுக்கு வருகிறவர்களைப் பற்றி, "எலி, நத்தை திங்கிற ஆளுக" என்று இளக்காரமாகப் பேசி நான் கேட்டிருக்கிறேன். மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க யோசிக்கிற வாயும் அதுதான். ஆக, ஆட்டுக்கறி தின்கிற நீங்கள் நடுவில் நின்றுகொண்டு, கீழே இருப்பவனை அவன் தின்பதற்காகத் திட்டுவீர்கள், தின்னாதவளைத் தின்னாததற்காகக் கிண்டலடிப்பீர்கள். சாப்பாட்டை வைத்துச் சாதி பார்ப்பது நானா, நீங்களா?

ஒரு வீடியோவுக்கு இவ்வளவு பேச்சா, விளையாட்டுக்குச் சொன்னதுதானே என்பீர்கள். அந்த வீடியோவில் வராத ஒன்றைச் சொல்கிறேன். முந்தின நாள் ராத்திரி அந்தக் கறிக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்தது நான். பந்தியில் ரசம் கேட்டேன், எலும்பு ரசம்தான் இருந்தது. பொரியல் கேட்டேன், ரத்தப் பொரியல் இருந்தது. நீங்கள் சிரித்த தயிர்சாதமும் உண்மையில் இல்லை. வெறும் சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவி, அடுத்த பந்திக்குக் கறி பரிமாறினேன்.

ஆவணியில் அடுத்த மறுவீட்டு விருந்து இருக்கிறது. கூப்பிட்டால் வழக்கம்போல வருவேன். வெங்காயம் உரிக்கிறேன், மசாலா அரைக்கிறேன், குழம்பும் கூட்டுகிறேன். உப்பு பார்க்க மட்டும் வேறு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கென்று தனியாக ஒன்றும் வேண்டாம் என்று இவ்வளவு நாளும் சொல்லிவந்தேன் அல்லவா, அது இனிமேல் கிடையாது. ஒரு கூட்டு, ஒரு பொரியல், எலும்பு போடாத ரசம். அத்தாச்சிகளைச் செய்யச் சொல்லாதீர்கள், அவர்களுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. வீடியோ எடுத்தவர் செய்யட்டும்.