ஒப்பந்தத்துல என் பேரு இருந்தா நான் வார்டனா?

மொதல்லயே சொல்லிடுறேன், இது யாரையும் பேர் சொல்லித் திட்டுற பதிவு இல்ல. ஆனா எங்க வீட்டுல இருக்கிற மூணு பேரும் படிச்சா யாரைச் சொல்றேன்னு அவங்களுக்கே தெரியும். தெரியட்டும்.

மேல்படிப்புக்கு ஜெர்மனி வர்றப்ப குரூப்பா வர்றது நல்லதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நாங்களும் ஒரு வாட்ஸப் குரூப்ல பழகி, ஒரே செமஸ்டருக்கு ஸ்டுட்கார்ட் வந்து இறங்கினோம். கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி, சேலத்துக்காரி ஒருத்தி, வேலையை விட்டுட்டு படிக்க வந்த மதுரை அக்கா, திருச்சியிலேர்ந்து நான். இந்த ஊர்ல வீடு தேடினவங்களுக்குத் தெரியும், எத்தனை மெயில் போட்டாலும் பதிலே வராது. கடைசியா ஒரு வீடு அமைஞ்சப்ப வீட்டுக்காரர்கிட்ட ஜெர்மன்ல நாலு வார்த்தை பேசத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். அதனால ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டது நான். மத்த மூணு பேரும் என்கிட்ட உள்வாடகைக்கு இருக்கிறதா கணக்கு. "யார் போட்டா என்னடி, நாமதானே"ன்னு அன்னைக்குச் சொன்னாங்க. அந்த "நாமதானே"வை நம்பித்தான் இன்னைக்கு மாடிப்படி பெருக்கிட்டு இருக்கேன்.

மாடிப்படின்னதும் சிரிக்காதீங்க. இந்தப் பக்கம் கேர்வோஹேன்னு ஒண்ணு உண்டு. மத்த ஊர்ல இருக்கிறவங்களுக்கு இந்தக் கொடுமை புரியாது. வாரத்துக்கு ஒரு வீடுன்னு முறை வச்சு, முறை வர்ற வீட்டுக் கதவுல ஒரு அட்டையை மாட்டிடுவாங்க. அந்த வாரம் படிக்கட்டைப் பெருக்கித் துடைக்கணும். பெரிய முறை வந்தா நிலவறை, வாசல் நடைபாதை எல்லாம் சேரும். சனிக்கிழமைக்குள்ள முடிச்சாகணும், ஞாயித்துக்கிழமை சத்தம் போடுற வேலை எதுவும் செய்யக்கூடாது. எங்க வீட்டுல அந்த அட்டை தொங்கினா மூணு பேருக்கும் ஒரே நேரத்துல அசைன்மெண்ட் வந்துடும். "நான் பாத்துக்கிறேன்டி"ன்னு சொல்றவ வெள்ளிக்கிழமை ராத்திரி மியூனிக் பஸ்ல ஏறியிருப்பா. கீழ்வீட்டுப் பாட்டி யார் கதவைத் தட்டும்? என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடும், ஏன்னா அழைப்புமணிக்குப் பக்கத்துல முதல் பேரு என் பேரு.

இதுல கோயம்புத்தூர்க்காரி ஒரு நாள் பெரிய கண்டுபிடிப்போட வந்தா. "இந்தக் கட்டாயத்தை 1988-லயே நகராட்சி எடுத்துடுச்சாம்டி, நாம செய்யத் தேவையில்ல." அதைத் தேடின நேரத்துல ரெண்டு மாடியைப் பெருக்கியிருக்கலாம். நகராட்சி எடுத்தா என்ன தாயி, வாடகை ஒப்பந்தத்துல இருக்கே. யாரோட ஒப்பந்தத்துல? என்னோடதுல.

குப்பைக்கு வருவோம். சமையல் கழிவு பழுப்புத் தொட்டி, காகிதம் தனி, பிளாஸ்டிக் உறை மஞ்சள் பை, மிச்சமெல்லாம் கறுப்புத் தொட்டி. ஒரு செமஸ்டர் முழுக்க ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்கேன், படத்தோட. எஞ்சினியரிங்ல மாஸ்டர்ஸ் படிக்கிற ஆளுங்க. டீத்தூளை வடிகட்டியோட பால் டப்பாவுக்குள்ள கொட்டி, அதை அப்படியே காகிதத் தொட்டியில போடுறாங்க. மஞ்சள் பையில சாம்பார் ஒழுகினா அதை எடுக்காம விட்டுட்டுப் போயிடுவாங்க, அது வாசல்லயே கிடக்கும். அப்புறம் நான் கையுறை மாட்டிக்கிட்டு நடுராத்திரியில முருங்கைக்காய் சக்கையைப் பொறுக்கணும்.

ஆனா ஒண்ணு பாத்தீங்களா, காலி பாட்டிலை மட்டும் யாரும் மறக்கிறதில்ல. கடையில மெஷின்ல போட்டா பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் கிடைக்குதுல்ல! அதுக்குக் காலையிலயே பையைத் தூக்கிட்டு ஓடுறாங்க. மறதிக்கு இவ்வளவு விவரம் இருக்கும்னு இங்க வந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

காசு விஷயத்துல வர்ற எரிச்சல் இதைவிடப் பெருசு. "கையில காசு இல்லடி, அடுத்த மாசம் தர்றேன்." இங்க நிறுத்துங்க. நாம நாலு பேரும் விசாவுக்காக 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுண்ட்ல, அதான் மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுக்க விடுற கணக்குல, போட்டுட்டுத்தான் வந்தோம். மாசம் பொறந்தா நாலு பேருக்கும் அதே 992 யூரோதான் இறங்குது. எனக்கு மட்டும் தனியா யாரும் அனுப்பல. ஜெர்மனின்னா ஃபீஸே கிடையாதுன்னு ஊர்ல சித்தப்பா பெரியப்பா எல்லாம் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. இந்த மாநிலத்துல 2017 குளிர்கால செமஸ்டர்லேர்ந்து நம்மள மாதிரி ஐரோப்பாவுக்கு வெளியிலேர்ந்து வர்றவங்ககிட்ட செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குறாங்க. அதையும் நாலு பேருமேதான் கட்டுறோம். அப்ப எனக்கு மட்டும் எப்படிக் காசு இருக்கும்? என்கிட்ட இருக்கிறது காசு இல்ல, பயம். கட்டலைன்னா கடிதம் என் பேருக்கு வரும்ங்கிற பயம்.

டிவி-ரேடியோ கட்டணம்னு ஒண்ணு. வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ, எத்தனை பேர் இருந்தாலும் ஒரே கட்டணம். மூணு மாசத்துக்குச் சேர்த்து 55.08 என் கணக்குலேர்ந்து போகுது. ஆளுக்கு மாசம் அஞ்சு யூரோகூட ஆகாது. அதைக் கேட்டா சேலத்துக்காரி சொல்றா, "நம்ம வீட்டுல டிவியே இல்லையேடி, எதுக்குக் கட்டணும்?" டிவி இருக்கோ இல்லையோ கட்டணும்டி, அதுதான் சட்டம். ஒவ்வொருத்தியும் முகவரி பதிஞ்சதும் அவங்கவங்க பேருக்கும் கடிதம் வந்துச்சு. இந்த வீட்டுக்கு ஏற்கெனவே இன்னார் கட்டுறாங்கன்னு என் கட்டணக் கணக்கு எண்ணைப் போட்டு பதில் அனுப்பினா முடிஞ்சுது. அந்த பதிலையும் மூணு பேருக்கும் நான்தான் எழுதினேன். செலவைப் பங்கு பிரிக்கிற ஸ்ப்ளிட்வைஸ் ஆப்ல நான் போட்ட பாக்கி எல்லாம் பச்சைக் கலர்ல நிக்குது. பச்சைன்னா எனக்கு வரவேண்டியதுன்னு அர்த்தம். வரல.

இதுக்கு நடுவுல ஜன்னல். தினமும் ரெண்டு மூணு தடவை ஜன்னலை முழுசாத் திறந்து பத்து நிமிஷம் காத்து விடணும், இல்லைன்னா குளிர்காலத்துல சுவர்ல பூஞ்சை பிடிக்கும். இவங்க குக்கர் வச்சு, வெந்நீர்ல குளிச்சு, ஈர ஜீன்ஸை ஹீட்டர் மேல காயப்போட்டு, "குளிருதுடி"ன்னு ஜன்னலையும் சாத்திடுவாங்க. சேலத்துக்காரி ரூம்ல அலமாரிக்குப் பின்னாடி கறுப்பா படர்ந்திருக்கு. கேட்டா "நாங்க வர்றப்பவே இருந்துச்சு"ங்கிறா. வீட்டுச் சாவி வாங்குறப்ப எடுத்த போட்டோ என் போன்ல இருக்கு. ஹீட்டரை அஞ்சுல வச்சுட்டு காலேஜ் போறது வேற. வருஷக் கடைசியில ஹீட்டர் செலவைக் கணக்குப் பாத்துக் கூடுதலாக் கட்டச் சொல்லி வர்ற கடிதமும் எனக்குத்தான். பூஞ்சைக்கு முன்பணத்துல பிடிச்சாங்கன்னா அதுவும் என் தலையிலதான் விடியும்.

மதுரை அக்காவைப் பத்தி நான் தப்பா சொல்ல மாட்டேன், அவங்க வைக்கிற மீன் குழம்புக்காக நிறைய பொறுத்திருக்கேன். ஆனா கடுகும் மிளகாவத்தலும் தாளிக்கிறப்ப நடையில இருக்கிற புகை அலாரம் கத்துதுன்னு அதைக் கழட்டி செருப்பு ஸ்டாண்டுல வச்சிருந்தாங்க பாருங்க, அன்னைக்கு எனக்கு நெஞ்சே நின்னுடுச்சு. அது கட்டாயம் இருக்கணும், வேலை செய்யுதான்னு பாக்குறது குடியிருக்கிறவங்க பொறுப்பு. அடுப்படிக் கதவைச் சாத்திட்டு ஜன்னலைத் திறந்தா அது கத்தாதுக்கா. "நீ சின்னப் பொண்ணு, ரொம்ப டென்ஷன் ஆகாத"ன்னாங்க. கையெழுத்துப் போடுறப்ப மட்டும் நான் பெரிய பொண்ணு.

ராத்திரி பத்து மணிக்கு மேல சத்தம் கூடாது. கோயம்புத்தூர்க்காரி பதினோரு மணிக்கு ஸ்பீக்கர்ல போட்டுச் சிரிச்சுப் பேசுவா. கேட்டா "வீட்டுக்குப் பேசுறேன்டி". குளிர்காலத்துல இங்க பதினொண்ணுன்னா ஊர்ல விடிகாலை மூணரை. அந்நேரத்துக்கு எந்த அம்மா முழிச்சிருக்காங்கன்னு நான் கேக்கல, அது அவ விஷயம். சுவத்தைத் தட்டுறது பக்கத்து வீட்டுக்காரர், அது மட்டும் என் விஷயம்.

இதையெல்லாம் வாயைத் திறந்து சொன்னா எனக்குக் கிடைக்கிற பட்டம் என்ன தெரியுமா? "நீ ரொம்ப ஜெர்மன்காரி ஆயிட்டடி." "வெளியூர்ல நமக்கு நாமதான் துணை, கணக்குப் பாக்கலாமா?" துணைன்னா கணக்கு பாக்கக்கூடாதுன்னு யார் சொன்னது? எப்பப் பாத்தாலும் ஒருத்தியே குனிஞ்சுக்கிட்டிருக்கா, மத்தவங்க எல்லாம் அதுக்குப் பேரு ஒத்துமைங்கிறாங்க. எனக்கு இந்த ஒத்துமை வேண்டாம். பழக்கமே இல்லாத நாலு நாட்டுக்காரங்களோட ஒரு வீட்டுல இருந்திருந்தா, ஃபிரிட்ஜ் மேல அட்டவணை ஒட்டி அவனவன் வேலையை அவனவன் பாத்திருப்பான், யாரும் என்னைக் கல்நெஞ்சக்காரின்னு சொல்லியிருக்க மாட்டான்.

போன வாரம் தெளிவா சொல்லிட்டேன். ஒண்ணு, நாலு பேர் பேரும் ஒப்பந்தத்துல ஏறணும். இல்லைன்னா மாசத்தோட மூணாவது வேலை நாளுக்குள்ள நான் காலி பண்றதா எழுதிக் கொடுத்துடுவேன், அதுலேர்ந்து மூணு மாசத் தவணை ஓட ஆரம்பிச்சுடும். வீட்டுக்காரர்கிட்டயும் பேசியாச்சு. பேரைச் சேக்குறதுல அவருக்கு ஒண்ணும் ஆட்சேபனை இல்லையாம், வந்து கையெழுத்துப் போட்டா போதுமாம்.

மூணு பேருக்கும் இந்த மாசம் நேரம் இல்லையாம். பரீட்சை இருக்காம். அதே பரீட்சை எனக்கும் இருக்கு.