ஒரே பிள்ளைக்கு இரட்டைச் சகோதரர்

(மேசைமேல் தடித்த நாவல் ஒன்று கிடக்கிறது. அக்கா அதை முறைத்துக்கொண்டிருக்கிறாள். நாவல் கண்டுகொள்ளவில்லை. தம்பி உள்ளே வருகிறான்.)

தம்பி: அதற்குள் படித்து முடித்துவிட்டாயா? ஆறு வருடம் காத்திருந்த நாவலாயிற்றே. எப்படி இருக்கிறது?

அக்கா: அட்டை நன்றாக இருக்கிறது.

தம்பி: உள்ளே?

அக்கா: தாளும் நல்ல தாள்தான். பக்க எண்களில்கூடப் பிழை இல்லை.

தம்பி: நான் கதையைக் கேட்டேன்.

அக்கா: அதைத்தான் நானும் 612 பக்கம் தேடினேன்.

தம்பி: போன நாவலில் அந்தத் துப்பறிவாளர் கப்பலிலிருந்து கடலில் விழுந்து செத்துப்போனாரே? நீ மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. வீடு எவ்வளவு நிம்மதியாக இருந்தது!

அக்கா: அவர் சாகவில்லையாம். விழுந்தது அவருடைய இரட்டைச் சகோதரராம்.

தம்பி: அவருக்கு இரட்டைச் சகோதரர் உண்டா?

அக்கா: "என் தாய்க்கு நான் ஒரே பிள்ளை" என்று இரண்டாம் நாவலில், 112ஆம் பக்கத்தில், விம்மி விம்மி அழுகிறார். நானும் கூடவே அழுதேன். அந்தக் கண்ணீரை இப்போது யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

தம்பி: என் பிறந்தநாள் உனக்கு நினைவில் நிற்காது. பக்க எண் மட்டும் நிற்கும்.

அக்கா: உன் பிறந்தநாள் வருடாவருடம் வருகிறது. இவர் ஆறு வருடத்துக்கு ஒரு முறைதான் வருகிறார். அந்த நாயின் கொடுமையைக் கேள். முதல் நாவலிலேயே பல் போன கிழட்டு நாய் அது. கதையில் இருபது வருடம் ஓடிவிட்டது. இதிலே சுவரேறிக் குதித்துத் திருடனின் காலைக் கவ்வுகிறது!

தம்பி: எந்தப் பல்லால்?

அக்கா: நாவலில் மிஞ்சிய ஒரே மர்மம் அதுதான். கொலைகாரன் யார் என்பதைப் பின்னட்டையிலேயே போட்டுவிட்டார்கள்.

தம்பி: செத்தவரை எழுப்பினால் இப்படித்தான். கோனன் டாயில் 1893இல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தீர்த்துக்கட்டினார். வாசகர்கள் சும்மா விட்டார்களா? 1903இல் உயிரோடு கூட்டி வர வேண்டியதாயிற்று.

அக்கா: அவரோடு இவரைச் சேர்க்காதே! ஹோம்ஸுக்கு ஜப்பானிய மல்யுத்தம் தெரியும், எதிரியின் பிடியிலிருந்து நழுவிவிட்டார், விழுந்தது எதிரி மட்டும்தான் என்று டாயில் எழுதினார். அதுவும் சமாளிப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சமாளிப்பிலும் ஒரு கண்ணியம் வேண்டாமா?

(தம்பி நாவலை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்புகிறான். எந்தப் புத்தகத்தையும் அவன் அங்கிருந்துதான் தொடங்குவான். பெரும்பாலும் அங்கேயே முடித்தும்விடுவான்.)

தம்பி: நன்றியுரையைப் படித்தாயா?

அக்கா: நன்றி கேட்கும் நிலையிலா இருந்தேன்?

தம்பி: "துப்பறிவாளரை மீட்டுத் தரும்படி ஒரே கையெழுத்தில் நாற்பத்தொரு கடிதங்கள் எழுதிய அன்பு உள்ளத்துக்கு இந்நூல்." அக்கா, நீ எத்தனை கடிதம் எழுதினாய்?

அக்கா: நாற்பது.

தம்பி: அப்பாடா! அப்படியானால் நீ இல்லை.

அக்கா: ஒன்று உன் பெயரில் எழுதினேன்.

தம்பி: என் பெயரிலா? என்னவென்று?

அக்கா: (தணிந்த குரலில்) "என் அக்கா தூங்குவதே இல்லை. விழுந்தது வேறு யாரோ, ஓர் இரட்டைச் சகோதரர் என்றாவது எழுதி அவரைக் காப்பாற்றுங்கள்" என்று.

தம்பி: அப்படியானால் இந்த இரட்டைச் சகோதரர்...

அக்கா: (நாவலை அவன் கையிலிருந்து பிடுங்கி) அதைத்தான் நானும் யோசிக்கிறேன். இவ்வளவு நல்ல எழுத்தாளரை இப்படிக் கெடுத்துவிட்டாயே!